மாப்பிள்ளையின் அக்காவும் இரண்டு கேமராக்களும்

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. கல்யாணப் படம் எடுக்கிறவனுக்கு இது பெரிய குறை. மற்றவர்கள் மேடையேறியதும் "இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க, மாமா நீங்க உள்ள தள்ளி வாங்க" என்று கூட்டத்தையே அதட்டி நிறுத்துவார்கள். நான் இருபத்திரண்டு வருடம் மேடையில் நின்றவன்; அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. காத்திருப்பேன். அவர்களாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போது எடுப்பேன். சிலருக்கு அந்தப் படங்கள் பிடிக்கும். "எங்க மாமன் மூஞ்சி ஒண்ணுல கூட நேராத் தெரியலையே" என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு.

குமாரபாளையத்தில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு விசைத்தறிப் பட்டறைக்குப் போனவன் நான். படம் எடுக்க வந்தது அதற்கு வெகுகாலம் பின்னால். பட்டறைக்குள் எல்லாத் தறிகளும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. அங்கே எல்லோரும் உதட்டாலும் கையாலும்தான் பேசிக்கொள்வோம். "இழை அறுந்து போச்சு", "தண்ணி குடு", "மொதலாளி வாரார்" எல்லாவற்றுக்கும் உதடு அசைந்தால் போதும். அப்படியே பழகியதில் ஒருவர் என்ன சொல்லப் போகிறார் என்பது அவர் சொல்வதற்கு ஒரு நொடி முன்பே முகத்தில் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்த படத் தொழில் முழுக்க அந்த ஒரு நொடிதான். மீதியெல்லாம் கேமராவின் அட்டைப் பெட்டியோடு வருகிற புத்தகத்தில் இருக்கிறது. அது ஆங்கிலத்தில் இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஸ்டூடியோவின் கண்ணாடி மேசை மேல் இரண்டு புது கேமராக்கள் உட்கார்ந்திருந்தன. சேலத்துக் கடையில் பழக்கத்துக்காகச் சில நாள் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். இரண்டும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ், இரண்டும் பெரிய சென்சார் வைத்த ஃபுல் ஃபிரேம், இரண்டும் தொழில்காரர்களுக்கென்றே செய்தவை. அதுவரை எங்கள் ஸ்டூடியோவில் இருந்தவை எல்லாம் உள்ளே கண்ணாடி வைத்த பழைய மாதிரிகள். கேமராக்களின் பக்கத்தில் ஒரு இளைஞனும் உட்கார்ந்திருந்தான். சென்னையில் இதற்கென்றே கல்லூரியில் படித்தவன். முதலாளி வரவழைத்திருந்தார்.

"வாப்பா," என்றார் முதலாளி. "இந்தத் தம்பி இனிமே நம்மகூட. வெள்ளிக்கிழமை சங்ககிரி ரோட்டு மண்டபத்துல கல்யாணம். போர் போடற ரிக் வண்டிக்காரர் ஊட்டு விசேஷம். ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. எது நல்லா வருதோ அதுல மூணு வாங்கிப்போடறேன். எவன் கைக்கு அது பணியுதோ அவன் மேடையில நிக்கட்டும். இன்னொருத்தர் பந்தியையும் வாசலையும் பாத்துக்கலாம். இங்கிலீசுல ஆயிரம் பட்டன் இருக்குது. உனக்குத் தோதுப்படுமான்னு பாரு."

கடைசியில் சொன்னதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு அது மெதுவாக விழவில்லை.

பந்தியில் படம் எடுப்பதை நான் கேவலமாகச் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் வாயில் சோறு இருக்கும்போது அவர் முன்னால் கேமராவை நீட்டுவது எனக்கு என்றைக்குமே கூச்சம். மேடையில்தான் என்னை யாரும் பார்க்க மாட்டார்கள். எல்லோரும் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். அந்த இடம் போய்விட்டால் எனக்கு வேறு இடம் தெரியாது.

தம்பி எழுந்து என் கையைக் குலுக்கினான். "அண்ணா, உங்க படங்கள பாத்தேன். செமையா இருக்கு," என்றான். பிறகு ஒரு கேமராவைத் தூக்கி, "இது நாப்பத்தஞ்சு மெகாபிக்சல்ணா. பேனர் அளவுக்குப் பெருசு பண்ணினாலும் அசையாது. அது வெறும் இருபத்திநாலுதான்," என்றான். நாற்பத்தைந்தை அவன் கழுத்தில் மாட்டிக்கொண்டான். இருபத்திநாலு எனக்கு வந்தது.

"வெறும் இருபத்திநாலா? அதுக்கு ஏன் வெலை அதிகமாப் போட்டிருக்கான்?" என்று கேட்டார் முதலாளி.

"ஸ்பீடுக்குத்தான் சார்."

முதலாளிக்குத் திருப்தி இல்லை. எனக்கும் புரியவில்லை. நூலில் நம்பர் கூடினால் இழை மெலிசாகும், விலையும் கூடும். அறுபதாம் நம்பர் நூலை விட நாற்பதாம் நம்பர் விலை அதிகம் என்று யாராவது சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். இங்கே நம்பர் குறைந்ததற்கு விலை கூட இருந்தது. ஆனால் மெலிசான நூலில் எல்லாத் துணியும் நெய்ய முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் வாயைத் திறக்காமல், இரண்டையுமே ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று மட்டும் கேட்டேன். கேட்டதற்கே காது சூடாகிவிட்டது.

புதன்கிழமை காலை வீட்டு வாசலில் என் மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளும் பட்டறையில் இருந்தவள்தான். எனக்கு முன்னால் இரண்டு கேமராக்கள். முதலில் இருபத்திநாலின் மெனுவைத் திறந்தேன். உலகத்து மொழிகள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஆச்சரியமாகத் தமிழும் இருந்தது. சந்தோஷமாக மாற்றினேன். மூன்று வரி படித்தேன். அந்தத் தமிழ் எந்த ஊரில் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. மறுபடி ஆங்கிலத்துக்கே மாற்றிவிட்டு, படக்குறிகளைப் பார்த்து ஒவ்வொன்றாக அழுத்தினேன். எந்தக் குறிக்கு என்ன நடக்கிறது என்று ஒரு நோட்டில் வரைந்துகொண்டேன். மத்தியானத்துக்குள் நாற்பது குறிகள் ஆயின. ஊர்ப் பேருந்துகளை நம்பர் பார்க்காமல் வண்ணத்தை வைத்துப் பிடிக்கிற மாதிரிதான் இதுவும்.

பிறகு நாற்பத்தைந்தை எடுத்து அவளைப் படம் பிடித்தேன். டக் என்றது. அவள் நிமிர்ந்து சேலையைச் சரிசெய்தாள்.

"கீரை ஆயறப்பவா? தலை கூடச் சீவலை. சொல்லிட்டு எடுக்க மாட்டீங்களா?"

அதை வைத்துவிட்டு இருபத்திநாலை எடுத்தேன். அதில் ஷட்டருக்குச் சத்தமே இல்லை. அவள் காம்பைக் கிள்ளினாள், எடுத்தேன். கன்னத்தில் வந்து விழுந்த முடியை முழங்கையால் ஒதுக்கினாள், எடுத்தேன். தெருவில் போன ஐஸ்காரரைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள், எடுத்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். படம் எடுக்கும் நொடியிலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய கேமராவில் பொத்தானை அழுத்தியதும் உள்ளே இருக்கும் கண்ணாடி எழும்பி மறைத்துவிடும். அந்த நொடி கண்ணுக்கு இருட்டு. இருபத்திரண்டு வருடம் ஆயிரக்கணக்கான தாலிகளை எடுத்திருக்கிறேன்; தாலி ஏறும் அந்த நொடியை ஒரு முறை கூடக் கண்ணால் பார்த்ததில்லை. நாற்பத்தைந்தில் கண்ணாடி இல்லை என்றாலும் ஒவ்வொரு படத்துக்கும் கண் சிமிட்டுகிற மாதிரி ஒரு வெட்டு இருந்தது. இதில் அதுவும் இல்லை. ஓடுகிற ஆற்றைப் பாலத்தில் நின்று பார்க்கிற மாதிரி முகம் ஓடிக்கொண்டே இருந்தது.

திரையில் படங்களைக் காட்டினேன். ஐஸ்காரரைப் பார்த்து உதடு சுழித்த படத்தில் அவள் விரல் நின்றது.

"இதை எப்ப எடுத்தீங்க?"

"இப்பத்தான்."

"சத்தமே இல்லையே. உங்களுக்குன்னே செஞ்சுருக்கான்," என்றாள். சிரித்துவிட்டு, "ஆனா ஊட்டுல சத்தமில்லாம இருந்தாச் செரி. அங்க போயி நீங்களும் சத்தமில்லாம நின்னா, அந்தப் பையன் மேடையை வாங்கிட்டுப் போயிருவான், பாத்துக்குங்க," என்றாள்.

வியாழக்கிழமை மாலை மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டுச் சீர்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் சகோதரியைப் பட்டும் நகையும் பூவுமாக அலங்கரித்து, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்தி, கூறைச் சேலையின் ஒரு முனையை அவனிடமும் மறுமுனையை அவளிடமும் கொடுத்துச் செய்கிற சீர். கூடப் பிறந்தவளுக்குக் கொடுக்கிற மரியாதை அது. பொண்ணு அங்கே இருக்க மாட்டாள். இந்தக் கல்யாணத்தில் பொண்ணு வீட்டார் மறுநாள் விடியற்காலைதான் வந்து இறங்குவதாக இருந்தது.

தம்பி வந்த பேருந்து வழியில் எங்கோ மாட்டிக்கொண்டது. அவன் மூச்சு வாங்க ஓடி வந்தபோது இணைச்சீர் பாதி முடிந்திருந்தது. வந்ததும் மேடையேறி எடுக்க ஆரம்பித்தான். கெட்டிக்காரன். மாப்பிள்ளையின் அக்கா முகத்தைக் கிட்டத்தில் வைத்து நிறைய எடுத்தான், ஏதேதோ அழுத்தினான். நகைகளை எடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மேடைக்குப் பின்னால் முழுச் சுவருக்கு எல்.இ.டி. திரை வைத்து அதில் பூக்கள் விழுந்துகொண்டே இருந்தன. சீர் முடிந்ததும் தம்பி தன் படங்களை எனக்குக் காட்டினான். அவனும் சத்தமில்லாத முறையில்தான் எடுத்திருந்தான். இரண்டாவது படத்திலேயே அவன் கையை நிறுத்தினேன். விரல் நகத்தால் திரையைத் தொட்டுக் காட்டினேன்.

"என்னண்ணா?"

"பட்டை."

"எங்கண்ணா?"

குறுக்கே, மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை மேல், லேசான கோடுகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகப் போயிருந்தன. தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலின் நிறம் சுருளுக்குச் சுருள் மாறிவிட்டால் துணியில் இதே மாதிரி குறுக்கே பட்டை விழும். பட்டறை முதலாளி வருவதற்குள் அதைக் கண்ணால் பிடிக்காவிட்டால் அன்றைய கூலி போச்சு. அந்தப் பயம் இன்னும் கண்ணில் இருக்கிறது. தம்பி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். முகம் மாறியது.

"எல்.இ.டி. லைட்டு விட்டு விட்டு எரியும்ணா. இந்த சென்சார் மெதுவாப் படிக்கும். மறந்தே போயிட்டேன். என்னா கண்ணுண்ணா உங்களுக்கு!" என்று தலையில் கை வைத்தான். என் படங்களை வாங்கிப் பார்த்தான். இருபத்திநாலில் ஒரு பட்டை கூட இல்லை. "அந்த வெலை எதுக்குன்னு இப்ப புரியுதுண்ணா," என்று அவனே சொல்லிச் சிரித்தான். பிறகு தன் கேமராவைச் சத்தம் வருகிற முறைக்கு மாற்றிக்கொண்டான். இதை முதலாளியிடம் அவனே போய்ச் சொன்னதும் எனக்கு அவன் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. அதுதான் மறுநாள் என்னைச் சிக்கலில் மாட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை நான் பொண்ணு அறையில் இருந்தேன். பொண்ணு என்னை மாதிரி. குனிந்த தலை நிமிரவில்லை. அவள் அம்மா நாலு முறை, "நிமிந்து உக்காரு சாமி, போட்டோவுல வகிடு மட்டுந்தான் தெரியும்," என்றார். அவள் நிமிர்வாள், என்னைப் பார்ப்பாள், மறுபடி குனிந்துகொள்வாள். நானும் கேமராவை இறக்கிவிட்டு ஜன்னலைப் பார்ப்பேன். அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் ஒரு நல்ல படம் கூட எடுக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மேடைக்குப் போனபோது முதலாளி கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். "முன்னாடி தம்பி நிக்கட்டும். நீ பக்கவாட்டுல மேளக்காரங்ககிட்ட நில்லு," என்றார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறை நான் பக்கவாட்டில் நின்றேன். தவில்காரர் என்னைப் பார்த்துக் கண்ணால், என்ன இந்தப் பக்கம் என்று கேட்டார். நானும் கண்ணால், சும்மாதான் என்றேன்.

பொண்ணை அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். தலை குனிந்தபடியே வந்தாள், குனிந்தபடியே உட்கார்ந்தாள். நெற்றியில் கட்டிய பூவும் கழுத்து மாலையும் சேர்ந்து பாதி முகத்தை மறைத்தன. அவளுக்குப் பின்னால் முடிச்சுப் போடுவதற்காக மாப்பிள்ளையின் அக்கா வந்து நின்றாள்.

தம்பி என் பக்கம் வந்து, மேளத்துக்கு மேல் காதில் கத்தினான். "டென்ஷன் வேணாண்ணா. பொண்ணு முகத்த நேத்தே கேமராவுல பதிஞ்சு வெச்சிட்டேன். கூட்டத்துல எத்தன பேர் நடுவுல வந்தாலும் ஃபோகஸ் அவங்க கண்ணத் தேடிப் புடிச்சிக்கும். அதுல இல்லாத வசதிண்ணா இது."

தலையாட்டினேன். ஆட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. நேற்றா? நேற்று இந்தப் பொண்ணு இந்த மண்டபத்திலேயே இல்லையே.

எட்டி அவன் கேமராவின் திரையைப் பார்த்தேன். முகத்தைப் பிடித்திருப்பதைக் காட்டுகிற சின்னப் பெட்டி பொண்ணின் மேல் இல்லை. அவளைத் தாண்டி, பின்னால் நிற்கும் அக்காவின் கண்ணில் போய் உட்கார்ந்திருந்தது. தம்பி தாலித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான், பெட்டியைப் பார்க்கவில்லை. தாலி ஏறும்போது அவன் எடுக்கிற எல்லாப் படத்திலும் அக்கா கண்ணாடி மாதிரி தெளிவாக இருப்பாள், பொண்ணு புகை மாதிரி இருப்பாள்.

நான் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் வேண்டாம். ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அது எனக்கு மிகவும் நன்றாகத் தெரிந்த வேலை. மேடை தானாக என்னிடம் திரும்பி வந்துவிடும். பொண்ணு முகத்தை நான் பக்கவாட்டில் இருந்து எப்படியாவது எடுத்துக்கொள்வேன். இந்த நினைப்பு வந்தது என்பதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. வந்தது. கொஞ்ச நேரம் நின்றது.

அதற்குள் தம்பி முன்னால் தன் இடத்துக்குப் போயிருந்தான். அவனைத் தொட முயன்றேன். நடுவில் அண்டா மாதிரி ஒரு பெரிய குத்துவிளக்கும் இரண்டு மாமன்மார்களும் இருந்தார்கள். அவன் பார்க்கும்போது பட்டறைப் பழக்கத்தில் உதட்டை அசைத்தேன்: அது பொண்ணு இல்லை. அக்காவைக் காட்டினேன், கையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். குமாரபாளையத்தில் எந்தத் தறிக்காரனுக்கும் புரிந்திருக்கும். தம்பி சிரித்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அக்கா அழகாக இருக்கிறாள் என்று நான் சொல்வதாக நினைத்துக்கொண்டானாம். பிறகுதான் சொன்னான்.

அருமைக்காரர் தாலித் தட்டை வாங்கினார். சீர்களை நடத்தி வைக்கும் பெரியவர் அவர். மேளம் உச்சத்துக்குப் போனது. இனி நேரமில்லை. நான் நுரையீரலில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து மேளத்துக்கு மேல் கத்தினேன்.

அந்த நொடியில் அருமைக்காரர் கையைத் தூக்கினார். மேளம் நின்றது.

"அது பொண்ணு இல்லீங்க தம்பீ! மாப்ளையோட அக்கா!"

மண்டபம் முழுக்க என் குரல் மட்டும் இருந்தது. கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து நின்றதை நான் பார்த்தேன். சமையல் கட்டில் இருந்து கரண்டியோடு ஒருவர் எட்டிப் பார்த்தார்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் அசரவில்லை. இடுப்பில் கை வைத்து, "ஆமாஞ்சாமி, அக்காதான்! என்ற கல்யாணம் ஒருக்கா முடிஞ்சு போச்சுங்க. மறுக்கா எல்லாம் நம்மனால ஆகாது!" என்றாள்.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு பொண்ணுக்கு வந்து சேரப்போகிறது என்பது எனக்கு ஒரு நொடி முன்னால் தெரிந்தது. அவள் தோள் அசைந்தது. நான் கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டேன். அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. காலையில் இருந்து குனிந்திருந்த தலை மேலே வந்தது. நெற்றிப் பூ விலகியது. பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் மஞ்சள் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. சத்தமில்லை, இருட்டில்லை, வெட்டில்லை. விரலை அழுத்தியபடி அத்தனையையும் என் கண்ணாலேயே பார்த்தேன்.

"போட்டோக்காரருக்கு வெவரம் தெளிஞ்சுருச்சுங்களா? தாலியக் கட்டலாமுங்களா?" என்றார் அருமைக்காரர். மறுபடி ஒரு சிரிப்பு. அந்த அவகாசத்தில் தம்பி முகம் வெளுத்துப்போய் அந்த வசதியை அணைத்துவிட்டான். கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. அவனும் எடுத்தான், நானும் எடுத்தேன். மூன்று முடிச்சும் சரியாக வந்தன, அக்காவின் விரலோடு.

இறங்கியதும் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "சொல்லாம இருந்திருக்கலாமேண்ணா."

"இருந்திருக்கலாம்," என்றேன்.

"நேத்து பட்டும் நகையுமா மாப்ள பக்கத்துல நின்னாங்களே. இன்னிக்கு முகம் வேற மாதிரி இருந்துச்சு. மேக்கப்ல எல்லாரும் மாறித்தான போறாங்கன்னு விட்டுட்டேன்."

அன்று பந்தியில் எனக்குப் பரிமாறியவர்கள் எல்லோரும் ஒரு முறை சொன்னார்கள்: "பொண்ணு இல்லீங்க, மாப்ளையோட அக்கா! கொஞ்சம் பாயசம் ஊத்தட்டுமுங்களா?" பெயரே அதுவாகிவிடும் என்று பயந்தேன். ஆகிவிட்டது.

திங்கட்கிழமை முதலாளி இரண்டு கேமராக்களின் படங்களையும் பெரிய திரையில் பக்கம் பக்கமாகப் போட்டார். நாற்பத்தைந்தில் எடுத்த கூறைச் சேலையைப் பெரிதாக்கினார். நான் நாற்காலியை விட்டு எழுந்து கிட்டே போய்விட்டேன். நெடுக்கே போகும் பாவும் குறுக்கே போகும் ஊடையும் தனித்தனியாகத் தெரிந்தன. சேலையில் எந்த இடத்தில் நெய்தவன் கை ஒரு நொடி நின்றிருக்கிறது என்பது கூடத் தெரிந்தது. இப்படி ஒரு படத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பிறகு இருபத்திநாலின் படங்கள் வந்தன. பொண்ணு தலை நிமிர்ந்து சிரிப்பது, குனிந்த தலையில் இருந்து சிரிப்பு வரை முப்பது படங்கள், ஒன்று விடாமல்.

முதலாளி பதினேழாவது படத்தில் நிறுத்தினார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"எதை வாங்கலாம்? நீயே சொல்லு."

பேசினேன். அன்றைக்குப் பேசியது போல் நான் அதற்கு முன் பேசியதில்லை. லுங்கிக்கு ஒரு நூல், வேட்டிக்கு ஒரு நூல், எது ஒசத்தி என்று கேட்டால் எதை நெய்கிறோம் என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்றேன். அசையாமல் இருப்பதற்கு, அதாவது நகைக்கும் சேலைக்கும் குடும்பமாக உட்காரும் படத்துக்கும், நாற்பத்தைந்துக்கு ஈடு இல்லை. எல்.இ.டி. சுவர் முன்னால் அதைச் சத்தமில்லாமல் வைக்கக் கூடாது. முகம் பதிகிற வசதியில் ஒரு தப்பும் இல்லை. யார் முகம் என்று நமக்குத் தெரிந்தால் அது ரொம்ப நல்ல வசதி. ஆனால் மேடையில் ஒன்றும் நமக்காக நிற்பதில்லை. அங்கே நம்பரை விட வேகம் வேண்டும், வேகத்தை விடச் சத்தமில்லாமல் இருப்பது வேண்டும், அதைவிட எடுக்கிறவன் கண் ஒரு நொடி கூட இருட்டாகாமல் இருக்க வேண்டும். மூன்றும் ஒரே மாதிரி வேண்டாம். இருபத்திநாலில் இரண்டு, நாற்பத்தைந்தில் ஒன்று. அந்த ஒன்று தம்பி கையில் இருக்கட்டும். என் நோட்டையும் எடுத்து, நாற்பது குறிகளையும் காட்டினேன்.

முதலாளி நோட்டைப் புரட்டினார். "ஏப்பா, இத்தனை வருசமா வாய்க்குள்ள என்னதான் வெச்சிருந்தே?" என்றார். தம்பி பக்கம் திரும்பி, "மேடை இவருக்குத்தான் தம்பி," என்றார்.

"நான் வெள்ளிக்கிழமையே சொல்லலாம்னு இருந்தேன் சார்," என்றான் தம்பி.

அந்த வாரமே பொண்ணும் மாப்பிள்ளையும் ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வந்தார்கள். அக்காவும் கூட வந்திருந்தாள். உள்ளே நுழையும்போதே, "என்னை மறுக்காப் பொண்ணாக்கின தம்பி எங்கீங்க?" என்று கேட்டாள். தம்பி மேசைக்கு அடியில் ஒளிகிற மாதிரி பாவனை செய்தான். பொண்ணு பதினேழாவது படத்தைப் பார்த்தாள். அதை வாசல் கண்ணாடியில் ஆள் உயரத்துக்குப் போட்டு வைக்கலாமா என்று முதலாளி கேட்டபோது, அவள் குனிந்துகொண்டே, "போடுங்க," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, நான்தான் எடுத்தேனா என்று பார்வையால் கேட்டாள். நான் தலையசைத்தேன். எங்கள் இருவருக்கும் அது போதுமாக இருந்தது.

"ஆறு அடிக்கு இருபத்திநாலு தாங்குமாண்ணா?" என்று தம்பிக்குக் கடைசி வரை சந்தேகம். அச்சாகி வந்த அன்று அவனே ஏணி மேல் நின்று ஒட்டினான். நான் ரோட்டைத் தாண்டிப் பேக்கரி வாசலில் நின்றுகொண்டேன். நடுவில் பவானிப் பேருந்து ஒன்று வந்து நின்றது. ஜன்னலோரம் இருந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள். ஒரு அம்மா காரணமே தெரியாமல் படத்தோடு சேர்ந்து சிரித்தார். பேருந்து போனதும் நான் ரோட்டைக் கடந்து போய், ஒரு கை தூரத்தில் நின்று, மேலிருந்து கீழ் வரை துணியைப் பார்க்கிற மாதிரி அந்தப் படத்தைப் பார்த்தேன். ஒரு பட்டை இல்லை. ஒரு இழை அறுந்திருக்கவில்லை.

"எப்படிண்ணா இருக்குது?" என்று ஏணி மேலிருந்து கத்தினான் தம்பி.

தறிகள் ஓடுகிற தெரு அது. 'நல்லா இருக்குது' என்று உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன். இந்த முறை அவனுக்குப் புரிந்தது.